மூன்றாம் ஓலை

பதினோராங்கட்டை எஸ்டேட், பேராக், மலேசியா
10-8-1969

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணன் மதலைமுத்து அவர்களுக்கும் அண்ணி வேளாங்கண்ணிக்கும் தங்கச்சி ஞானமேரி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்துல நானும் உங்க மச்சானும் பிள்ளைங்களும் சுகம். பாப்பாரப்பட்டியில மழை உண்டா, மாடு கன்னு எப்படி, உங்க மகன் தைரியநாதனுக்கு அந்தக் காய்ச்சல் விட்டுதா, எல்லாத்துக்கும் பதில் போடுங்க.

விசயத்துக்கு வர்றேன். ராஜமேரிக்குப் பதினேழு முடியப் போவுது. அஞ்சாம் பாரம், நம்ம ஊரு எஸ்.எஸ்.எல்.சி. மாதிரி, முழுக்க இங்கிலீசுல எழுதித் தேறிட்டா. எங்க எஸ்டேட் லயத்து வூடுங்கள்ல அவ்வளவு படிச்ச பொம்பளப்புள்ள அவ ஒருத்திதான். தேறி என்ன பிரயோசனம்? இப்ப இங்க வேலைக்குப் போகணும்னா நீலக் கார்டு வேணும். எங்களுக்கெல்லாம் சிவப்புக் கார்டு, அப்படின்னா இந்த நாட்டுப் பிரஜை இல்ல. வேலைக்கு பெர்மிட் கேட்டு எழுதிப்போடணும். பழைய ஆளுங்கன்னு எனக்கும் உங்க மச்சானுக்கும் ரப்பர் பால் மரம் வெட்ட பெர்மிட் கொடுத்திருக்காங்க. படிச்சு முடிச்ச சின்னஞ்சிறுசுகளுக்குப் புதுசா கொடுக்கிறதில்ல. டவுன்ல ஒரு துணிக்கடைக்கு வேலை கேட்டுப் போனா. கார்டைக் காட்டுன்னான். காட்டினா. போயிட்டு வாம்மான்னுட்டான். அப்புறம் போன இடத்திலயெல்லாம் அதே பேச்சு. சின்னவன் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிற்பாடு பொறந்தவன், அவனுக்கு நீலம். ஒரே வயித்துல ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு.

இது எதனால வந்த வினைன்னு உங்களுக்குத் தெரியும். சுதந்திரம் வந்த வருசம் எல்லாரும் வரிசையில நின்னு பிரஜைன்னு எழுதிக்கிட்டாங்க. நீங்கதான், "எழுதிக்கிட்டா அப்பன் நிலத்துல உனக்குப் பாத்தியதை போயிரும், வேணாம்"னு கடுதாசி போட்டீங்க. நாங்களும் தலையாட்டினோம். இப்ப அதை எடுத்து வெச்சிச் சண்டை போட வரல.

நான் கேக்கிறது ஒண்ணுதான். அவளை அங்க அனுப்பினா படிக்க வைக்க முடியுமா? காலேஜோ, டீச்சர் டிரெயினிங்கோ, நர்ஸோ, எதுவா இருந்தாலும் சரி. என்னை மாதிரி விடியக்காலை தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரத்தைச் சுத்தக்கூடாது. விசாரிச்சு எழுதுங்க. படிப்புக்காகத்தான் கேக்கிறேன், மறந்துறாதீங்க.

உங்க பதிலை எதிர்பார்த்து,
ஞானமேரி


பாப்பாரப்பட்டி, தர்மபுரி ஜில்லா
5-9-1969

மரியே வாழ்க

பாசமுள்ள தங்கச்சி ஞானத்துக்கு அண்ணன் மதலைமுத்து ஆசீர்வாதத்தோட எழுதுறது. மாதாவோட கிருபையில இங்க எல்லாரும் சௌக்கியம். மழை ஏமாத்திருச்சு. கேவுரு பாதி கருகிப்போச்சு, கடலைக்காய் ஏதோ தப்பிச்சுக் கெடக்கு. தைரியநாதன் தேறிட்டான். ஏர் புடிக்கிறான், கிணத்துக்கு மோட்டார் போட்டா அவனே பாத்துக்குவான்.

கடுதாசி படிச்சதும் உங்க அண்ணி அழுதுட்டா. தாய்மாமன் வூடு ஒண்ணு இருக்கும்போது புள்ளை எதுக்கு ஊரான் கடைவாசல்ல போய் நிக்கணும்? மொதல்ல அனுப்பு. இங்க என்ன இல்ல? தர்மபுரியிலயே காலேஜ் வந்துருச்சு. டீச்சர் டிரெயினிங் இருக்குது. நம்ம தீர்த்தகிரியோட மகள் கோவிந்தம்மாள் தினம் பஸ் ஏறிப் போய் டைப் கத்துக்கிறா. ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க, அது வேற. என்ன படிப்புங்கிறதை புள்ளை வந்தப்புறம் பாத்துக்கலாம்.

கப்பல்ல நல்ல துணையாப் பாத்து அனுப்பு. மத்ராசுக்கு நானே வந்து கூட்டியாறேன். உங்கூட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. சின்னவனுக்கு முத்தம்.

இப்படிக்கு
மதலைமுத்து


பதினோராங்கட்டை எஸ்டேட்
18-11-1969

சேசு மரி சூசை துணை

அண்ணன் அவர்களுக்கு ஞானமேரி. எங்க சுகத்துக்குக் கொறைவில்ல, மனசுக்குத்தான் சுகமில்ல. ராஜமேரியை பினாங்கில கப்பலேத்திட்டு இன்னிக்குத்தான் வூடு திரும்பினோம். சேலத்துப் பக்கம் போற ஜானகியம்மாள் துணைக்குப் போறாங்க. பாவம், அவங்க வூட்டுக்காரருக்கு பெர்மிட் இல்லைன்னுட்டாங்க, ஒரேயடியா ஊருக்குப் போறாங்க.

கவனமாப் படிங்க. அவளுக்குத் திரும்பி வர்றதுக்கு ஒரு வருசம் தவணை கொடுத்து பெர்மிட் குத்தியிருக்காங்க. வர்ற வருசம் நவம்பர் முடியறதுக்குள்ள இந்த மண்ணுல கால் வைக்கலன்னா அப்புறம் உள்ள விடமாட்டாங்க. டைப் மாதிரி சின்னப் படிப்பா இருந்தா முடிச்சிட்டு அதுக்குள்ள வந்துறலாம். பெரிய படிப்பா இருந்தா என்ன செய்யறதுன்னு நாம கலந்து பேசணும். பாஸ்போர்ட்டைப் பத்திரமா வெச்சுக்குங்க.

அண்ணிக்கு ஒரு சேலை, உங்களுக்குச் சட்டைத்துணி, தைரியநாதனுக்கு ஒரு கைக்கடியாரம் அனுப்பியிருக்கேன். கடியாரத்தை அவ கையாலயே அவன்கிட்டக் கொடுக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணுக்கொண்ணு பாத்ததில்ல, மொகப் பழக்கம் வரட்டும்னுதான்.

அவளுக்குக் களி எறங்காது. கொஞ்ச நாள் சோறு போடச் சொல்லுங்க. வாய் நீளம், கோவிச்சுக்காதீங்க. கப்பல் கெளம்பினப்ப அவ கையாட்டல, என்னையே பாத்துக்கிட்டு நின்னா. நானும் அழாம நின்னேன். லயத்துக்கு வந்துதான் அழுதேன்.

உங்களை நம்பி,
ஞானமேரி


பாப்பாரப்பட்டி
12-1-1970

மரியே வாழ்க

தங்கச்சி ஞானத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். புள்ளை பத்திரமா வந்து சேர்ந்தா. அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்குது. மூக்கு மட்டும் உங்கூட்டுக்காரரோடது.

கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிஞ்சு எல்லாரும் கோயில் வாசல்ல நிக்கும்போது, நீ சொன்னபடியே ராஜமேரி தன் கையாலயே தைரியநாதனுக்குக் கடியாரத்தைக் கொடுத்தா. சனமெல்லாம் பாத்துது. எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம். பய அதைக் கழட்டுறதே இல்ல, கிணத்துல எறங்கும்போது மட்டும் மேல கழட்டி வெச்சிட்டு ஆள் காவல் போடறான். உங்க அண்ணி உன் பெரிய மனசை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறா.

பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் ஜூன்லதான் தொறக்குது. அவசரம் ஒண்ணுமில்ல. அவ கைப்பட ரெண்டு வரி இதுலயே எழுதச் சொல்லியிருக்கேன்.

மதலைமுத்து

அன்புள்ள அம்மா, அப்பா, தம்பிக்கு, நான் இவ்விடம் சுகமாக இருக்கிறேன். மாமாவும் அத்தையும் என்னை அன்பாகக் கவனித்துக்கொள்கிறார்கள். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்படிக்கு ராஜமேரி.


பதினோராங்கட்டை எஸ்டேட்
8-2-1970

சேசு மரி சூசை துணை

அண்ணன் அவர்களுக்கு. நாங்க சுகம், உங்க எல்லார் சுகமும் அறிய ஆசை.

ராஜமேரி எழுதினதைப் படிச்சேன். அது அவ கையெழுத்துத்தான், அவ பேச்சில்ல. 'கவலைப்பட வேண்டாம்'னு எழுதுற ஆளா அவ? நான் வேலைக்குப் போயிருக்கும்போது, 'ரசத்துல உப்பு இல்ல, பூனைக்கு ஊத்தினேன், அதுவும் குடிக்கல'ன்னு சீட்டெழுதி வெச்சிட்டுப் பள்ளிக்கூடம் போனவ அவ. பக்கத்துல யார் நின்னு எழுத வெச்சது? இனிமே அவளுக்குத் தனித்தாள் கொடுங்க. அவளே ஒட்டி அவளே பெட்டியில போடட்டும்.

ஜூன்ல தொறக்கும்னா மனு இப்பவே போடணுமில்ல? எங்கெங்க விசாரிச்சீங்க? காலேஜ்ல என்ன சொன்னாங்க? இந்த நாட்டு சர்டிபிகேட்டை ஒத்துக்கிறாங்களா? சிஸ்டருங்க நடத்துற நர்ஸ் பள்ளிக்கூடம் சேலம் பக்கத்துல இருக்குதாமே, கூட்டிக்கிட்டுப் போனீங்களா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பதில் வேணும் அண்ணா. மழை பேஞ்சுதா இல்லையான்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போட்றாதீங்க.

பதிலுக்குக் காத்திருக்கும்
ஞானமேரி


பாப்பாரப்பட்டி
16-3-1970

மரியே வாழ்க

அன்புத் தங்கச்சிக்கு. தவசு காலமில்லையா, வெள்ளிக்கிழமையெல்லாம் சிலுவைப்பாதை, அதுல பதில் எழுத நாளாயிருச்சு. எல்லாரும் சுகம்.

நீ கேட்டதை விசாரிச்சேன். அந்த நாட்டுச் சர்டிபிகேட்டு இங்க செல்லாதுங்கறாங்க. மத்ராசுக்கு எழுதிப்போட்டு, அது இதுக்குச் சமம்னு தாள் வாங்கியாறணுமாம். அதுக்குள்ள அவ கெழவி ஆயிருவா. நர்ஸ் வேலை நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது. கண்ட ஆம்பளைங்களைத் தொட்டுத் தொடைக்கிற வேலை. நாளைக்கு எவன் கட்டுவான்?

அதனால நல்ல முடிவா எடுத்திருக்கேன், சந்தோசமாக் கேளு. தைரியநாதனுக்கே அவளைக் கட்டி வெச்சிறலாம். நெருங்கின ரத்தம்னு பிஷப் உத்தரவுக்கும் நம்ம கோயில் சாமி எழுதி வாங்கிட்டார். உயிர்ப்புப் பெருநாள் முடிஞ்சதும் பூசையில ரெண்டு பேர் பேரையும் சொல்லி மொதல் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. அடுத்தடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது, மூணாவது. ஏப்ரல் மாசக் கடைசியில கல்யாண மந்திரிப்பு.

உன்னைக் கேக்கலன்னு நெனைக்காதே. வயசுக்கு வந்த புள்ளையைத் தாய்மாமன் வூட்டுக்கு அனுப்பி, அவ கையாலயே மாப்பிள்ளைக்குக் கடியாரமும் கொடுத்தனுப்பினே. அதுக்கு மேல என்ன வாய்விட்டுச் சொல்லணும்? அன்னிக்கே ஊர்ல எல்லாருக்கும் முடிவாத் தெரிஞ்சு போச்சு. இனிமே கார்டு என்னா, பெர்மிட் என்னா? அவ நம்ம மண்ணுக்கே வந்துட்டா. நிலத்துல உன் பங்கும் உன் மகளுக்கே வந்த மாதிரி ஆச்சு. உன் பாரம் எறங்கிச்சுன்னு நிம்மதியா இரு.

சந்தோசத்தோட
மதலைமுத்து


பதினோராங்கட்டை எஸ்டேட்
2-4-1970

மதலைமுத்து அண்ணனுக்கு. சுகம் விசாரிக்க மனசில்ல.

உன் கடுதாசி இன்னிக்குக் காலையில வந்துது. பால் வாளியை அப்படியே வெச்சிட்டு டவுனுக்கு ஓடி, "கல்யாணம் வேண்டாம், ஓலையை நிறுத்து"ன்னு உனக்குத் தந்தி அடிச்சிட்டு வந்து இதை எழுதுறேன். நேரா சாமி பேருக்கே அடிச்சிருக்கலாம். ஊர் முன்னால உன் மானம் போகக்கூடாதுன்னு உன் பேருக்கு அடிச்சேன். அந்த மானத்தை இனி நீ காப்பாத்திக்க.

கடியாரமா? கடியாரம்னா கடியாரம்தான். இந்த ஊர்லருந்து யார் போனாலும் கடியாரமும் சட்டைத்துணியும்தான் கொண்டு போவாங்க. அங்க பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குக் கடியாரம் கட்டுற வழக்கம் வந்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த ஊரை விட்டு வரும்போது நம்ம தெருவுல ஒருத்தன் கையிலயும் கடியாரமில்ல. சரி, தெரியாமச் செஞ்சேன். ஊரு தப்பா நெனைச்சுது. நீ எப்படி நெனைக்கலாம்? படிப்புக்குத்தான்னு உனக்கு எத்தனை தடவை எழுதினேன்? கடியாரம் பேசினது உனக்குக் கேட்டுது, நான் எழுதினது கேக்கலியா?

தைரியநாதன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நல்ல பையன்னா அவனுக்கு நல்ல எடம் அமையட்டும். என் மகள் வாயால 'சம்மதம்'னு சொன்னாளா? அதை மட்டும் நீ எழுதவே இல்லையே, ஏன்?

ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டு அவளுக்கு இந்த நாட்டைக் கெடுத்தேன். இன்னொரு தடவை கேட்டு ஆயுசையும் கெடுக்க மாட்டேன். பாஸ்போர்ட்டை அவ கையில கொடு. அவளை அனுப்பி வை.

ஞானமேரி


சிஸ்டர்கள் மடம், சேலம்
25-4-1970

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ராஜமேரி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். இந்தக் கடுதாசியை யாரும் பாக்கல, நானே ஒட்டறேன், அதனால எல்லாத்தையும் எழுதறேன்.

பிப்ரவரியிலயே மாமா என்னை இந்த மடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரும்மா. உங்க கடுதாசி வந்த பிற்பாடுதான். இங்க இருக்கிற மதர் வெள்ளைக்காரங்க. என் சர்டிபிகேட்டைப் பாத்ததும் அவங்களுக்கு அது என்னன்னு தெரிஞ்சு போச்சு. இங்கிலீசுல நாலு கேள்வி கேட்டாங்க. ஜூன்ல நர்ஸ் டிரெயினிங்ல சேர்த்துக்கறேன், அப்பா அம்மா கையெழுத்து மட்டும் வாங்கியாங்கன்னு மாமாகிட்டச் சொன்னாங்க. மாமா சரி சரின்னார். பஸ்ல வரும்போது, 'உங்கம்மாவுக்கு நான் எழுதிக்கறேன்'னார். கையெழுத்து எதுவும் வரலன்னு மதர் சொன்னப்பத்தான், அவர் எழுதலன்னு தெரியுது.

உயிர்ப்புப் பெருநாள் முடிஞ்ச அடுத்த ஞாயிறு பூசையில ஓலை வாசிச்சாங்க. தைரியநாதன் பேரு வந்துது, சரின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அடுத்தது என் பேரு. அதுக்கு முன்னால எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. பக்கத்துல இருந்த பொம்பளைங்க என் முந்தானையைப் புடிச்சு இழுத்துச் சிரிச்சாங்க. வூட்டுக்கு வந்து மாமாகிட்டக் கேட்டேன். 'எல்லாம் உங்கம்மா சம்மதத்தோடதான். கடியாரம் யார் அனுப்பினது? உன்னை இங்க அனுப்பினதே அதுக்குத்தான்'னார். சாமி வூட்டுக்கு வந்து, 'உனக்கு இஷ்டம்தானே?'ன்னு கேட்டப்ப, 'புள்ளை வெக்கப்படறா சாமி'ன்னு மாமாவே பதில் சொல்லிட்டார்.

அம்மா, நான் நம்பிட்டேன். நீங்கதான் என்னைக் கொடுத்துட்டீங்கன்னு நெனைச்சேன். கார்டு இல்லாத புள்ளையை வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு இங்க தள்ளிட்டீங்கன்னு நெனைச்சேன். அந்த ஒரு வாரம் உங்க மேல எனக்கு இருந்த கோபத்தை எழுத முடியாது. ரெண்டாவது ஓலை வாசிக்கும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு யாருமில்லன்னு ஆயிருச்சு, இனிமே எப்படியோ போகட்டும்னு இருந்துது.

அதுக்கப்புறம் ஒரு நாள் கிணத்துக்கிட்ட அத்தை பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தாங்க. நிமிந்துகூடப் பாக்காம, 'உங்கம்மா வேணாம்னு தந்தி அடிச்சிருக்கா, மாமா சட்டைப்பையில வெச்சிருக்காரு'ன்னாங்க. 'நான் சொன்னேன்னு சொல்லாதே'ன்னாங்க. அவ்வளவுதாம்மா. எனக்கு அது போதும்.

மூணாவது ஓலை வாசிச்சு, 'யாருக்காவது தடை தெரிஞ்சிருந்தா அறிவிக்கணும்'னு சாமி சொன்னார். நான் எந்திரிச்சு நின்னேன். 'சாமி, தடை இருக்குது. எனக்கும் சம்மதமில்ல, எங்கம்மா அப்பாவுக்கும் சம்மதமில்ல'ன்னேன். பூசையில பொம்பளைப்புள்ள பேசி அந்தக் கோயில்ல யாரும் கேட்டதில்லையாம். சாமி, 'இந்த ஓலை செல்லாது'ன்னு சொல்லிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். தைரியநாதன் கடியாரத்தைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டதைப் பாத்தேன். அவனைப் பாக்கப் பாவமா இருந்துது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல.

மறுநாள் சாமியே என்னை இங்க கொண்டாந்து விட்டார். பாஸ்போர்ட்டை மாமா எடுத்துக் கொடுத்தார்.

இப்ப மதர் சேர்றியான்னு கேக்கறாங்க. டிரெயினிங் மூணு வருசம். சேர்ந்தா நடுவுல போக முடியாது. பெர்மிட் நவம்பர் வரைக்கும்தான். கப்பலேறி அங்க வந்துட்டா மறுபடியும் வேலையில்லாம லயத்துல உக்காரணும். எனக்கு என்ன இஷ்டம்னு நான் எழுதல. நீங்களும் அப்பாவும் சொல்ற மாதிரி செய்யறேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளை இதோட வெச்சிருக்கேன். தம்பியை என் சைக்கிளை ஓட்டச் சொல்லுங்க, சும்மா வெச்சா துருப்பிடிக்கும்.

ராஜமேரி


பதினோராங்கட்டை எஸ்டேட்
12-5-1970

சேசு மரி சூசை துணை

என் தங்கமே ராஜமேரி, உனக்கு அம்மா முத்தம். உன் கடுதாசியை நான் படிச்சேன், அப்பா படிச்சார், மறுபடியும் நான் படிச்சேன்.

உன்னைத் தள்ளினேன்னு நெனைச்சியாடி? சரி, நெனைச்சே. நான் உன் எடத்துல இருந்திருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன். ஆனா இனி ஒரு நாளும் நெனைக்காதே.

எஸ்டேட் கணக்கெழுதுற கிராணி ஐயாவைக் கூட்டிக்கிட்டு பெர்மிட் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். படிக்கிறதுக்காகவெல்லாம் பெர்மிட்டை நீட்ட மாட்டாங்களாம். நவம்பர் தாண்டினா தாண்டினதுதான். அப்புறம் ஆறு மாச விசாவுக்குக்கூட காரணம் சொல்லணுமாம். நாங்க இங்கிருந்து வரணும்னா வேலை பெர்மிட் போயிரும், சின்னவன் படிப்பு நடுவுல நிக்கும். எல்லாத்தையும் யோசிச்சேன். ராத்திரி முழுக்க யோசிச்சேன். நீ திரும்பி வந்தா நான் தினமும் உன் மொகத்தைப் பாக்கலாம். எனக்கு வேண்டியது அதுதான். அதுக்காக உன்னை லயத்துல உக்கார வெச்சு என் கண்ணைக் குளிர வெச்சுக்கவா?

உனக்கு என்ன இஷ்டம்னு எழுதலன்னே. எழுதாததையும் படிச்சேன். இஷ்டமில்லாதவ கையெழுத்துத் தாளை மடிச்சு வெச்சு அனுப்புவாளா?

அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். நானும் போட்டேன். சேர்ந்துக்கோ. நல்லாப் படி. எங்களை நெனைச்சு ராத்திரியில அழாதே, அழுதா காலையில ஊசி போடும்போது கை நடுங்கும். உன் தம்பி சைக்கிளை ஏற்கெனவே மரத்துல மோதிட்டான்.

உன்னைப் பெத்தவ
ஞானமேரி


பதினோராங்கட்டை எஸ்டேட்
30-9-1970

அண்ணனுக்கு. எங்க சுகத்துக்கு ஒண்ணுமில்ல. அண்ணியும் தைரியநாதனும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். உங்களுக்கும்தான்.

ஆறு மாசமா நான் எழுதல, நீங்களும் எழுதல. உங்க மேல எனக்கு இன்னும் கோபம் அப்படியே இருக்குது. பொய்யாப் போச்சுன்னு எழுத எனக்கு வராது. ஆனா கோபத்தை வெச்சிக்கிட்டுத்தான் இதைக் கேக்கறேன், கேக்கறதுக்கு அங்க எனக்கு வேற ஆள் இல்ல.

ராஜமேரி இருக்கிற எடத்துல மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வூட்டு ஆளுங்க வந்து பாக்கலாமாம். மத்தப் புள்ளைங்களுக்கு அம்மா அப்பா, அண்ணன் தம்பின்னு வர்றாங்களாம். இவளுக்கு யார் வந்தாங்கன்னு அவ எழுதல. 'ஞாயித்துக்கிழமை துணி துவைச்சேன்'னு எழுதறா. ஜூலையிலயும் அதே ஞாயிறு துணி துவைச்சா, ஆகஸ்ட்லயும் துவைச்சா, இந்த மாசமும் துவைச்சிருக்கா. அப்படி என்ன துணி சேருது ஒரு புள்ளைக்கு? அதைப் படிச்சிட்டு என்னால சோறு தின்ன முடியல அண்ணா.

நவம்பர் வந்தா அவ தவணை முடிஞ்சுது. அதுக்கப்புறம் என் மகளை எப்ப பாப்பேன்னு எனக்கே தெரியாது. நான் வர முடியாது. நீங்க பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிரலாம். போய் நில்லுங்க. மன்னிப்புக் கேளுங்கன்னு சொல்லல, புத்தி சொல்லுங்கன்னும் சொல்லல. அவளுக்கும் வூட்டு ஆள் இருக்குன்னு நாலு பேர் பாக்கணும். தாய்மாமன் வூடு இருக்குன்னீங்களே, இதுதான் தாய்மாமன் உரிமை.

ஞானமேரி


பாப்பாரப்பட்டி
14-12-1970

மரியே வாழ்க

தங்கச்சி ஞானத்துக்கு அண்ணன் எழுதறது. இங்க சுகம். உங்க எல்லாருக்கும் சுகத்தை ஆண்டவர் கொடுக்கட்டும். அரூர் பக்கத்துல தைரியநாதனுக்குப் பொண்ணு பாத்திருக்குது. இந்தத் தடவை அவனையே கேட்டேன், சரின்னான். பொண்ணையும் கேக்கச் சொல்லி உங்க அண்ணி ஒத்தக்கால்ல நின்னா, கேட்டோம். அவளும் சரின்னா.

உன் கடுதாசி வந்து ரெண்டு மாசம் நான் சேலத்துக்குப் போகல. போகணும்னு கெளம்புவேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், திரும்பிருவேன். சந்தையில எவனாவது சிரிச்சாக்கூட அந்த மூணாவது ஓலையை நெனைச்சுத்தான் சிரிக்கிறான்னு படும். ஒரு பொட்டைப்புள்ள என்னைக் கோயில்ல நிக்க வெச்சிட்டாங்கிற ஆத்திரம் அடங்கல. நவம்பர் கடைசியில அவ தவணை நெனப்பு வந்துது. அன்னிக்கு ராத்திரி உங்க அண்ணி சோறு போட்டுட்டு, 'இன்னியோட அந்தப் புள்ளைக்கு அந்த நாடும் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா. நான் தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சிட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை போயிட்டேன். கேட்டுல இருந்த சிஸ்டர், 'யாரைப் பாக்கணும், என்ன ஒறவு?'ன்னாங்க. பேரைச் சொன்னேன். தாய்மாமன்னேன். அவங்க மொகம் மாறிப்போச்சு. 'தாய்மாமன் வந்தா உள்ள விடக்கூடாதுன்னு இருக்குதே'ன்னாங்க. அது நாயந்தான். நான் வெளியிலயே நின்னுட்டேன். உள்ளாற ஒவ்வொரு புள்ளைக்கும் அவங்கவங்க ஆளுங்க மரத்தடியில உக்காந்து பேசிட்டிருந்தாங்க. தீனி வாசனை கேட்டு வரைக்கும் வந்துது.

யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. ராஜமேரி வந்தா. வெள்ளைச் சேலை கட்டியிருந்தா, கையெல்லாம் ஈரம். என்னைப் பாத்ததும் நின்னுட்டா. 'இவர் யாரும்மா?'ன்னு சிஸ்டர் கேட்டாங்க. 'எங்கம்மா கூடப் பொறந்தவர், விடுங்க'ன்னா. மாமான்னு சொல்லல. சரின்னு உள்ள போனேன்.

மரத்தடியில எதுக்க எதுக்க உக்காந்தோம். அத்தை கொடுத்தனுப்பின அதிரசத்தை வெச்சேன். அதைத் தொடல. எதைப் பேசறதுன்னு தெரியாம, 'உங்கம்மா இப்ப எப்படி இருப்பா? நான் அவளைப் பாத்து இருவது வருசம் ஆச்சு'ன்னு கேட்டேன். நெசமாவே எனக்குத் தெரியாது ஞானம். என் கண்ணுல இருக்கிறது நீ கப்பலேறின அன்னிக்கு இருந்த மொகம்.

அவ சொல்ல ஆரம்பிச்சா. உனக்கு முன்னந்தலையில நரை விழுந்திருச்சாம். கோபம் வந்தா கீழ் உதட்டைக் கடிப்பியாம். மரம் வெட்டுற கத்தி பட்டு இடது கட்டை விரல்ல தழும்பாம். நடக்கும்போது லேசா வலப்பக்கம் சாய்வியாம். சொல்லிக்கிட்டே வந்தவ, 'எனக்கும் இனிமே இது மறந்துருமா மாமா?'ன்னு கேட்டுட்டு அழுதுட்டா. நானும் அழுதேன். பாக்கிறவங்க பாக்கட்டும்னு விட்டுட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தோம்.

அடுத்த மாசமும் போறேன். உன் போட்டோ ஒண்ணு இப்ப எடுத்ததா அனுப்பு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

உன் அண்ணன்
மதலைமுத்து